குண்டுமல்லிச் சாகுபடியும் கூட்டு விற்பனையும்

மல்லிகை பயிரிட முன்வரும் அங்கத்தினர் எவரும் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. நெல்லை ஒரு மாதம் பத்தாயத்தில் வைத்திருக்கலாம். பருத்தியை விலை ஏறும்வரை கட்டி வைக்கலாம். நெய்த சேலையை அடுத்த பண்டிகை வரையில் அலமாரியில் அடுக்கலாம். இன்று காலை பறித்த மல்லிகை மொட்டோ இன்று மாலையே விரிந்துவிடும். நாளை அதற்கு விலை இல்லை. ஆகவே மல்லிகை விவசாயி நாள்தோறும் விற்றாக வேண்டியவர். நாள்தோறும் விற்றாக வேண்டியவரிடம் பேரம் பேசுவது வாங்குவோருக்கு எளிது. செடி வளர்க்கும் முறையைக் கற்பது பாதிப் பாடம்தான். விற்கும் முறையைக் கற்பதே மற்றப் பாதி. இவ்விரண்டையும் ஒருசேர எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செடியின் இயல்பு

மல்லிகை இனத்தில் நம் நாட்டில் வியாபாரத்துக்காகப் பெரும்பான்மையாகப் பயிராவன மூன்று: குண்டுமல்லி, முல்லை, பிச்சி எனப்படும் ஜாதிமல்லி. இவற்றுள் குண்டுமல்லியைத் தாவர நூலார் ஜாஸ்மினம் சம்பாக் என்பர். ஆண்டு முழுவதும் பசுமை மாறாத குறுஞ்செடி இது. வெயிலை விரும்பும், கடுங்குளிரைத் தாங்காது. பிலிப்பைன்ஸ் நாட்டார் இதனையே சம்பகித்தா என்றழைத்து 1934-ஆம் ஆண்டில் தங்கள் தேசிய மலராக ஏற்றுக்கொண்டனர். சீன தேசத்தில் தேயிலைக்கு மணமூட்டுவதற்கும் இம்மலரே பயன்படுகிறது.

குண்டுமல்லிச் செடியில் பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. எனவே தண்டுத் துண்டுகளை வேர்விடச் செய்தே இதனைப் பெருக்க வேண்டும். இதனால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. தாய்ச்செடி நல்லதாயின் பிள்ளைச் செடிகள் அனைத்தும் நல்லனவாகும். தாய்ச்செடி நூற்புழுவோ வேரழுகலோ கண்டதாயின் அந்நோய் நாற்றோடு நாற்றாகத் தோட்டத்துக்குள் வந்துவிடும்.

நிலமும் நாற்றும்

நீர் தேங்காத, வடிகால் நன்குள்ள செம்மண் கலந்த மணற்பாங்கான நிலம் குண்டுமல்லிக்கு ஏற்றது. மண்ணின் கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை இருத்தல் நலம். களிமண் நிலத்திலும் உவர் நிலத்திலும் செடி பிழைத்திருக்கும். ஆனால் இலை வெளிறும், பூக் குறையும். நடுவதற்கு முன் மண்ணையும் கிணற்று நீரையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்வது, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நிலைக்கப்போகும் தோட்டத்துக்கு மிகச் சிறிய செலவு.

இராமநாதபுரம் குண்டுமல்லி என்னும் இரகம் பெரும்பாலோர் விரும்பி நடுவது. இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம், அதனை அடுத்த மண்டபம் முதலிய ஊர்களின் மணற்பாங்கான நிலம் தண்டுகளை வேர்விடச் செய்வதற்கு மிக ஏற்றதாக உள்ளது. மதுரை முதலான மாவட்டங்களின் தோட்டங்கள் பலவற்றுக்கு அங்கிருந்தே நாற்றுச் செல்கின்றது. நாற்று வாங்குவோர் தனித்தனியே சென்று கிடைத்ததை வாங்கி வருவதைக் காட்டிலும், சங்கத்தின் மூலம் ஒரே பட்டியலாகத் தேவையைத் தொகுத்து, விவரம் அறிந்த இருவரை அனுப்பி, வேரைப் பிரித்துப் பார்த்து வாங்குவது சாலச் சிறந்தது. வேரில் முடிச்சுப் போன்ற வீக்கம் காணப்படுமாயின் அது நூற்புழுவின் அடையாளம். அக்கட்டினை அப்படியே தள்ளிவிடுதல் வேண்டும்.

நடவு

ஜூன் முதல் நவம்பர் வரையிலான மழைக்காலம் நடவுக்கு உகந்தது. முப்பது சென்டிமீட்டர் நீள, அகல, ஆழமுள்ள குழிகளை ஒரு மாதம் முன்னதாகவே எடுத்து வெயிலில் ஆறவிட வேண்டும். குழி ஒன்றுக்குப் பத்துக் கிலோ மக்கிய தொழுவுரத்தை மேல்மண்ணோடு கலந்து இட்டு, குழிக்கு ஒரு நாற்று நடலாம். செடிக்குச் செடியும் வரிசைக்கு வரிசையும் ஒன்றேகால் மீட்டர் இடைவெளி விடுவது பொதுவான முறை. இவ்வாறு நட்டால் ஹெக்டேருக்கு 6,400 செடிகளும் ஏக்கருக்கு ஏறக்குறைய 2,590 செடிகளும் அமையும்.

இக்கணக்கை ஏன் தருகிறேன் எனில், ஏக்கருக்குத் தொழுவுரம் மட்டும் 26 டன் வேண்டியிருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். நாற்றை வாங்கி வந்துவிட்டு உரத்துக்கு அலைபவர்கள் அவசரத்தில் மக்காத சாணத்தை இட்டுவிடுகின்றனர். கரையானும் வேர்ப்புழுவும் பின்தொடர்கின்றன. உரக்குழி முதலில், நாற்று பின்னர் என்பதே முறை.

நட்டவுடன் நீர் பாய்ச்சி, பின்னர் மண்ணின் ஈரத்தைப் பார்த்து வாரம் ஒரு முறை பாய்ச்சலாம். சொட்டுநீர்ப் பாசனம் அமைத்தோர்க்கு நீரும் களையெடுக்கும் கூலியும் மிச்சமாகும். எம்முறையாயினும் தண்டின் அடியில் நீர் நிற்கலாகாது. நட்ட ஆறாம் மாதத்தில் பூக்கத் தொடங்கினாலும், மூன்றாம் ஆண்டு முதல்தான் வருமானம் என்று சொல்லத்தக்க மகசூல் கிடைக்கும். எனவே முதல் இரண்டு ஆண்டுகளின் குடும்பச் செலவுக்கு வேறு வழி வைத்துக்கொண்டே இப்பயிரில் இறங்குதல் வேண்டும். ஒரு வரி நிலம் உடையவர் அதன் முழுமையிலும் மல்லிகை நடுவதைக் காட்டிலும் பாதியில் நட்டு மறுபாதியில் காய்கறியோ தீவனமோ வைத்துக்கொள்வது விவேகம்.

உரக் கணக்கு

வளர்ந்த செடி ஒன்றுக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம் இட வேண்டும் என்பது வேளாண்மைத் துறையினரின் பொதுப் பரிந்துரை. இதனை இரு பங்காக்கி, நவம்பரில் கவாத்து செய்தபின் ஒரு பங்கும், ஜூன், ஜூலை மாதங்களில் மறு பங்கும் இட வேண்டும். கடையில் நாம் வாங்குவது சத்து அன்று, மூட்டை. ஆதலால் மூட்டைக் கணக்கில் பார்ப்போம்.

செடிக்கு ஆண்டுக்கு யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம் தேவைப்படும். ஏக்கருக்குக் கணக்கிட்டால் யூரியா 337 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் ஏழரை மூட்டை. சூப்பர் பாஸ்பேட் 1,942 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் 39 மூட்டை. பொட்டாஷ் 518 கிலோ, அதாவது பத்து மூட்டைக்குச் சற்று அதிகம். மண் பரிசோதனைச் சீட்டு கையிலிருப்போர் அதன்படி இதனைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். சங்கச் செயலாளர்கள் அக்டோபர் மாதத்திலேயே மல்லிகை அங்கத்தினர்களின் ஏக்கர் கணக்கை எடுத்து உர இருப்புக்கு ஏற்பாடு செய்தால், நவம்பர்க் கடைசியில் தட்டுப்பாடு என்ற பேச்சு எழாது.

இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தோன்றினால் அது இரும்புச்சத்துக் குறைவு. ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் பெரஸ் சல்பேட் கரைத்து, பசுமை திரும்பும்வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை தெளிக்கலாம். இதனை யூரியாக் குறைவென்று எண்ணி மேலும் மேலும் யூரியா இடுவோர் உண்டு. அதனால் செடி இலையாகத் தழைக்குமேயன்றி மொட்டு வைக்காது.

கவாத்து

குண்டுமல்லி புதிய துளிரிலேயே மொட்டு வைக்கும். பழைய கொம்பை வைத்துக்கொண்டு பூவை எதிர்பார்த்தல் பயனற்றது. ஆகவே ஆண்டுதோறும் நவம்பர் கடைசி வாரத்தில், சில நாள் நீரை நிறுத்திச் செடியைச் சற்று ஓயவிட்டு, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் வெட்டிவிட வேண்டும். காய்ந்த கொம்பு, நோய்க்கொம்பு, உட்புறம் நெருங்கிய கொம்பு ஆகியவற்றை அடியோடு நீக்க வேண்டும். கத்தி கூர்மையாக இருத்தல் அவசியம். நசுங்கிய வெட்டுவாய் அழுகலுக்கு வாசலாகும். பின்னர் மண்ணைக் கொத்தி, எருவும் உரமும் இட்டு நீர் பாய்ச்சினால் மார்ச் மாதத்தில் பூ முகம் காணலாம்.

இங்கே ஒரு யோசனை. ஓர் ஊரில் எல்லாரும் ஒரே வாரத்தில் கவாத்து செய்தால் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் பூக் கொட்டும். விலையும் அவ்வாரத்திலேயே சரியும். தோட்டத்தை மூன்று பகுதியாக்கிப் பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் கவாத்து செய்தால் பூவும் பகுதி பகுதியாக வரும். பறிப்பதற்கு ஆள் கிடைப்பதும் எளிதாகும். இதனை ஒருவர் தம் தோட்டத்தில் மட்டும் செய்து பெரும்பயன் காண இயலாது. ஊர் கூடி முறை வகுத்துக்கொண்டால்தான் முழுப்பயன்.

பூச்சியும் நோயும்

மொட்டுப்புழு மொட்டைத் துளைத்து உள்ளிருந்து தின்னும். மொட்டின் நிறம் மாறி, நூலாம்படையால் பிணைந்து காணப்படும். மொட்டு ஈயின் புழுவோ மொட்டின் அடியை வீங்கச் செய்து, செந்நீலமாக்கி உலர்த்திவிடும். இரண்டுக்கும் முதல் மருந்து தூய்மையே. கெட்ட மொட்டுகளைச் செடியிலும் தரையிலும் விடாமல் பொறுக்கி அழிக்க வேண்டும். செடியடி மண்ணை அவ்வப்போது கிளறிவிட்டால் மண்ணில் தங்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைக்கும் இரையாகும். நூறு லிட்டர் நீருக்கு ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடித்த சாற்றைத் தொடக்கத்திலேயே தெளிப்பது நன்று.

கோடையில் இலையின் அடிப்புறத்தில் செஞ்சிலந்தி தோன்றி இலையை வெளிறச் செய்யும். இதற்கு நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் போதும். மழைக்காலத்தில் செடி திடீரென வாடினால் வேரைப் பார்க்க வேண்டும். அழுகல் இருப்பின் லிட்டருக்கு இரண்டரை கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்து வேர்ப்பகுதி நனைய ஊற்றி, வடிகாலைச் சீர்செய்ய வேண்டும்.

மருந்து தெளிப்பது எப்போதும் பறித்து முடித்த பின்னர், மாலை வேளையில் இருக்கட்டும். நாம் விற்கும் பூ ஒரு தாயின் தலையிலும் ஒரு குழந்தையின் கையிலும் சேரும். நம் வீட்டுப் பெண்கள் விடியற்காலையில் வெறுங்கையால் அதே செடியில் பறிக்கின்றனர். மருந்துச் சீட்டில் குறித்துள்ள இடைவெளி நாள்களைக் குறைப்பது இவ்விரு திறத்தாருக்கும் தீங்கிழைப்பதாகும்.

பறித்தல்

நன்கு முதிர்ந்து வெளுத்து, ஆனால் விரியாத மொட்டே சரத்துக்குரியது. அதனைச் சூரியன் ஏறுமுன் பறித்துவிட வேண்டும். பச்சை நுனி மாறாத இளமொட்டு எடையும் குறைவு, மாலையில் விரிவதும் இல்லை. ஒரு கூடையில் அது கலந்தால் கூடை முழுவதும் தரம் தாழ்ந்ததாகிறது. ஒரு கிலோவில் ஏறத்தாழ நாலாயிரம் மொட்டுகள் அடங்கும். நாலாயிரம் முறை ஒரு கை குனிந்து நிமிர்ந்தால்தான் ஒரு கிலோ பூ என்பதைத் தராசின் மறுபுறம் நிற்போர் நினைப்பதில்லை. நாமாவது நினைக்க வேண்டும். செலவுக் கணக்கில் பறிப்புக் கூலியே மிகப் பெரிய பகுதி. வீட்டார் பறித்தாலும் அக்கூலியைக் கணக்கில் எழுதியே இலாபம் பார்க்க வேண்டும்.

மதுரை மல்லி 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. தடித்த இதழும், நெடுநேரம் நிலைக்கும் மணமும் அதன் சிறப்பு. குறியீட்டுக்குரிய பகுதியில் பயிரிடுவோர் அதனைப் பயன்படுத்துவோராகத் தம்மைப் பதிவு செய்துகொள்ளலாம். பெயருக்கு மதிப்பு வந்தபின் அதனைக் காப்பது கூடையின் தரமே.

முன்பணம் என்னும் கயிறு

நல்ல பராமரிப்பில் முதிர்ந்த தோட்டம் ஹெக்டேருக்கு எட்டு முதல் ஒன்பது டன் வரையில் பூக் கொடுக்கும். ஏக்கருக்கு மூன்று டன்னுக்கு மேல். இத்துணைப் பூ விற்றும் பல வீடுகளில் கடன் தீராதது ஏன்?

கமிஷன் மண்டிக்காரரிடம் விவசாயி முன்பணம் வாங்குகிறார். வட்டி இல்லை. ஆனால் அப்பணம் தீரும்வரை பூவை அவரிடமே போட வேண்டும் என்பது வாய்மொழி நிபந்தனை. வட்டியில்லாக் கடன் என்று மகிழ்வோர் கீழ்க்கண்ட கணக்கைச் சற்றே பொறுமையாகப் பார்க்க வேண்டுகிறேன். இது விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்களேயாம். அங்கத்தினர் தம் எண்களை இட்டுப் பார்க்கட்டும்.

ஒருவர் 50,000 ரூபாய் முன்பணம் பெற்றார். ஆண்டில் 3,000 கிலோ பூ அனுப்பினார். தரகு எல்லாருக்கும் பொது, அதனை விட்டுவிடுவோம். அன்றன்றைய விலையில் கட்டுப்பட்டவருக்குக் கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்துச் சீட்டு எழுதப்பட்டால், ஆண்டில் அவர் இழப்பது 60,000 ரூபாய். ஐம்பதாயிரம் கடனுக்கு அறுபதாயிரம் இழப்பு. நூற்றுக்கு நூற்றிருபது வட்டி! அதன் பிறகும் அசல் அப்படியே நிற்கிறது. இவ்வட்டி எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதப்படுவதில்லை. ஆதலால் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

மண்டிக்காரர் எல்லாரும் தீயவர் என்று சொல்வது என் கருத்தன்று. நள்ளிரவில் மருத்துவச் செலவுக்குக் கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பவர் அவரே. அந்த அவசரத்துக்கு நம் சங்கம் பயன்படாதவரையில் அவர் பிடி தளராது. குறையை அவர்மீது மட்டும் சுமத்துவது எளிது. அவர் செய்யும் உதவியை நாம் செய்வதே வழி.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இது புதிய கதையன்று. நூலும் முன்பணமும் தந்து, நெய்த துணியை முதலாளி தாமே குறித்த கூலிக்கு எடுத்துக்கொண்ட காலத்தை அவர்கள் குடும்பங்கள் அறியும். பாவு அவருடையது, ஊடை அவருடையது. தறியில் அமர்ந்த உடம்பு மட்டும் நம்முடையது என்ற நிலையை மாற்றவே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. அவற்றின் துணியை விற்க 1935-ஆம் ஆண்டில் கோ-ஆப்டெக்ஸ் நிறுவப்பட்டது. தறிக்கு நூல் எதுவோ, மல்லிகைத் தோட்டத்துக்கு முன்பணம் அது.

சங்கம் செய்யத்தக்கவை

முதலாவது, பயிர்க்கடன். தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணை தவறாது திருப்புவோரிடம் வட்டி பெறப்படுவதில்லை. தம் மாவட்டத்தில் மல்லிகைக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன் அளவு வகுக்கப்பட்டுள்ளது என்பதைச் செயலாளரிடம் கேட்டறிந்து, கவாத்துக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். கடன் ஜனவரியில் வந்தால் உரம் நவம்பரில் இடப்படாது.

இரண்டாவது, பொது எடை. ஊரிலேயே சங்கத்தின் முத்திரையிட்ட தராசில் ஒவ்வொருவர் பூவையும் நிறுத்துச் சீட்டுக் கொடுத்த பிறகே வண்டி ஏற வேண்டும். அங்கே எடை குறைந்தால் கேட்பதற்கு ஆதாரம் கையில் இருக்கும். தனி மனிதர் அரைக்கிலோவுக்காகச் சண்டையிட்டால் சில்லறைத்தனம் என்பர். நாற்பது பேரின் சார்பில் சீட்டுடன் கேட்டால் பதில் சொல்வர்.

மூன்றாவது, ஒரே வண்டி, பல சந்தை. மதுரை, நிலக்கோட்டை, தோவாளை, சத்தியமங்கலம் என்று பூச்சந்தைகள் பல உள்ளன. பத்துக் கிலோ உடையவர் அருகிலுள்ள சந்தையைத் தவிர வேறிடம் போக முடியாது. முந்நூறு கிலோ சேர்ந்தால் விடியற்காலையில் விலை விசாரித்துவிட்டு வண்டியைத் திருப்பலாம்.

நான்காவது, பூக் குவியும் நாள்களுக்கு முன்னேற்பாடு. தைப் பொங்கலை ஒட்டிய பனிக்காலத்தில் பூக் குறைந்து கிலோ ஆயிரங்களில் விற்பதையும், கோடையில் குவிந்து பறிப்புக் கூலிக்கும் கட்டாமற் போவதையும் காண்கிறோம். குவியும் நாள்களில் வாசனைப் பொருள் ஆலைகள் பூ வாங்கும். சந்தைக்கு மொட்டு வேண்டும். ஆலைக்கோ மலர்ந்த பூ வேண்டும், மலர்ந்த பிறகே மணம் வெளிப்படும். ஆலையில் ஹெக்சேன் என்னும் திரவத்தால் பூவின் மணப்பொருளைப் பிரித்து மெழுகு போன்ற பண்டமாக எடுக்கின்றனர். அப்பண்டம் ஒரு கிலோ கிடைக்க ஐந்நூறு முதல் எழுநூறு கிலோ பூ வேண்டும். எனவே ஆலைக்காரருக்குத் தொடர்ந்து பெருமளவு வேண்டும். தனி விவசாயியிடம் அவர் ஒப்பந்தம் பேசமாட்டார். பருவத்துக்கு முன்னரே, இன்ன விலைக்குக் குறையாமல் என்று சங்கம் எழுத்தில் பேசிக்கொள்ளலாம்.

ஐந்தாவது, அவசர நிதி. கிலோவுக்கு ஒரு ரூபாய் வீதம் ஒவ்வொரு அங்கத்தினர் பெயரிலும் பிடித்துச் சிக்கன நிதியாக வைத்தால், மேற்சொன்ன மூவாயிரம் கிலோ கணக்கில் ஆண்டுக்கு 3,000 ரூபாய். நாற்பது பேர் சேர்ந்தால் 1,20,000 ரூபாய். நள்ளிரவு மருத்துவச் செலவுக்கு இது உதவும். முன்பணக் கயிற்றை அறுக்கும் கத்தி இதுவே; சிறியதாயினும் நம்முடையது.

இவையனைத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. வெளியில் இரண்டு ரூபாய் அதிகம் என்று கேட்ட நாளில் பூவை அங்கே போட்டுவிட்டு, விலை சரிந்த நாளில் மட்டும் சங்கத்துக்குக் கொண்டுவரும் அங்கத்தினரால் எந்தச் சங்கமும் நிலைக்காது. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே வாசலில் கூடையை இறக்குவோம் என்ற உறுதிதான் சங்கத்தின் மூலதனம். பங்குத்தொகை அதற்கு அடுத்தபடியே.

படித்தபின் கூடிப் பேசுவதற்குரிய வினாக்கள்

1. உங்கள் தோட்டத்தில் எத்தனை செடிகள் உள்ளன? அவற்றுக்கு ஆண்டுக்கு எத்தனை மூட்டை உரம் தேவை?

2. சென்ற ஆண்டில் நீங்கள் விற்ற பூ எத்தனை கிலோ? சீட்டுகள் உங்களிடம் உள்ளனவா?

3. முன்பணம் பெற்றிருப்பின், சந்தை விலைக்கும் உங்கள் சீட்டு விலைக்கும் உள்ள வேற்றுமையைக் கிலோவால் பெருக்கினால் வரும் தொகை யாது? அதனை முன்பணத்தோடு ஒப்பிட்டால் வட்டி எவ்வளவு?

4. உங்கள் ஊரில் கவாத்தைப் பகுதி பகுதியாகச் செய்ய எத்தனை பேர் உடன்படுவர்?

மூன்றாம் வினாவுக்கு விடை எழுதியவர் அக்காகிதத்தை அடுத்த பேரவைக் கூட்டத்துக்குக் கொண்டுவருவாராக. பெயர் எழுத வேண்டுவதில்லை. தொகை மட்டும் போதும். அத்தொகைகளைக் கூட்டிக் கரும்பலகையில் எழுதினால், நம் ஊர் ஆண்டுதோறும் கண்ணுக்குத் தெரியாமல் கட்டிவரும் வட்டி எவ்வளவு என்பது எல்லார்க்கும் விளங்கும். அதன்பின் செய்ய வேண்டுவது இன்னதென்று எவரும் எடுத்துச் சொல்லத் தேவையிராது.